சனிக்கிழமையன்று ஒரு டாலர்

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியை அதிகாரிகள் இழுத்து மூடிவிட்டார்கள் என்ற செய்தி பகலிலேயே வந்துவிட்டது. அன்றிரவு சர்க்கிள் என்ற நிறுவனம் ட்விட்டரில் ஒரு தகவலைப் போட்டது. யுஎஸ்டிசி என்ற தன் டிஜிட்டல் காசுக்கு ஈடாக அது வைத்திருந்தது ஏறக்குறைய 4,000 கோடி டாலர். அதில் 330 கோடி டாலர் மூடப்பட்ட அந்த வங்கியில் சிக்கியிருந்தது.

நூற்றுக்கு எட்டுப் பங்குக்குச் சற்று மேல். அந்தப் பணம் ஒரு சல்லி மிச்சமில்லாமல் போனாலும், காசு ஒன்றுக்கு 91 சென்ட்டுக்கு மேல் ஈடு இருந்திருக்கும். ஆனால் மறுநாள் சனிக்கிழமை யுஎஸ்டிசி 88 சென்ட்டுக்கும் கீழே விலைபோனது. அடிமட்டக் கணக்கையும் தாண்டி விலை சரிந்தது ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒன்றுக்கு ஒரு டாலர் என்று மாறாத விலையை வாக்களிக்கும் ஸ்டேபிள்காயின் என்ற சரக்கின் சூட்சுமம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வங்கிகளுக்கு விடுமுறை என்பதுதான் உடனடிக் காரணம். ஒரு யுஎஸ்டிசியைக் கொடுத்தால் ஒரு டாலர் தருகிறோம் என்பது சர்க்கிள் கொடுத்த வாக்கு. அந்த டாலர் போய்ச் சேர வங்கி திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சனி, ஞாயிறு வங்கிகள் வழியாகப் பெரும் தொகைகள் நகர வழியில்லை. காயின்பேஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தையும் யுஎஸ்டிசியை டாலராக மாற்றும் வசதியைத் திங்கள் வரை நிறுத்திவைத்தது. காசு மட்டும் இரவு பகல் பாராமல் கைமாறிக்கொண்டிருந்தது. வெளியே போகும் கதவு பூட்டியிருக்க, உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் உருவாகும் விலைக்கும் கையிருப்புக் கணக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

அந்தச் சனிக்கிழமையின் ஒரு பரிவர்த்தனையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பிளாக்செயின் பதிவேட்டில் அது இன்னும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. ஒருவர் கையில் 20 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள டோக்கன்கள் இருந்தன. யுஎஸ்டிசி, டாய், யுஎஸ்டிடி என மூன்று டாலர் காசுகளையும் ஒரே தொட்டியில் கலந்து, அதில் தனக்குள்ள பங்குக்கு அத்தாட்சியாக வாங்கிய டோக்கன்கள். யுஎஸ்டிசி மூழ்குகிறது, டாயின் ஈட்டில் பெரும்பகுதி யுஎஸ்டிசிதான் என்பதால் அதுவும் கூடவே இறங்குகிறது. எல்லாவற்றையும் யுஎஸ்டிடியாக மாற்றிவிடும்படி அவர் உத்தரவிட்டார். எவ்வளவு குறைந்தாலும் சம்மதம், குறைந்தபட்ச விலை வேண்டாம் என்ற நிலையில் அந்த உத்தரவு போனது. சரக்கே இல்லாத ஒரு சிறு குட்டை வழியாக மென்பொருள் அதை நிறைவேற்றியது. அவருக்கு வந்து சேர்ந்தது 5 சென்ட். மிச்சத்தை, இப்படிப்பட்ட தவறுகளுக்காகவே வலைவிரித்துக் காத்திருக்கும் ஒரு தானியங்கி நிரல் அள்ளிக்கொண்டது.

அந்த நபர் ஓடிய திசையையும் கவனிக்க வேண்டும். கையிருப்பு எங்கே, எவ்வளவு என்று ஓரளவு ஒளிவுமறைவின்றிச் சொன்ன காசை விட்டுவிட்டு, அப்படிச் சொல்ல ஆண்டுக்கணக்கில் மழுப்பிய காசிடம் ஓடினார். அவர் மட்டுமல்ல, சந்தையே ஓடியது. அந்த வார இறுதியில் யுஎஸ்டிடி ஒரு டாலருக்குச் சற்று மேலேயே விற்றது.

ஞாயிறு மாலை அமெரிக்கக் கருவூலத் துறையும், ஃபெடரல் ரிசர்வும், வைப்புக் காப்பீட்டுக் கழகமும் கூட்டாக அறிவித்தன: சிலிக்கான் வேலி வங்கியில் பணம் போட்ட அனைவருக்கும் முழுத் தொகையும் திங்களன்று கிடைக்கும். சட்டப்படி காப்பீடு ஒருவருக்கு 2,50,000 டாலர் வரைதான். சர்க்கிள் போட்டிருந்தது 330 கோடி. அந்த வங்கியின் ஆகப்பெரிய வைப்பாளரே அதுதான் என்று பின்னால் தெரியவந்தது. திங்கட்கிழமை யுஎஸ்டிசி மறுபடி ஒரு டாலர். தப்பித்த பெருமையைத் தொழில்நுட்பத்துக்கோ நிறுவனத்துக்கோ கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பாற்றியது அரசு, அதுவும் கிரிப்டோவை மனத்தில் வைத்துச் செய்ததல்ல.

ஸ்டேபிள்காயினை இத்தனை டாலர் என்று ‘பெக்’ செய்திருக்கிறார்கள் என்பார்கள். பெக் என்றால் முளைக்குச்சி. யுஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனத்தின் பெயரான டெதர், மாட்டை முளையில் கட்டும் கயிற்றைக் குறிக்கும் சொல். மாடு என்பதற்குப் பழந்தமிழில் செல்வம் என்றும் ஒரு பொருள் இருப்பதால் இந்த உவமை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் முளை எந்த மண்ணில் இறங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காசும் ஒவ்வொரு பதிலை வைத்திருக்கிறது.

2014இல் தொடங்கிய டெதர், ஒவ்வொரு காசுக்கும் ஈடாக ஒரு டாலர் வங்கியில் இருக்கிறது என்று சொல்லித்தான் வளர்ந்தது. அதன் சகோதர நிறுவனமான பிட்ஃபினெக்ஸ், பணப் பட்டுவாடாவுக்கு நம்பியிருந்த ஓர் இடைத்தரகரிடம் 85 கோடி டாலரை எடுக்க முடியாமல் தவித்தபோது, டெதரின் கையிருப்பிலிருந்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். நியூயார்க் அரசு வழக்குத் தொடுத்தது. காசுகளில் 74 விழுக்காட்டுக்குத்தான் ரொக்கமும் ரொக்கத்துக்கு நிகரானவையும் ஈடாக உள்ளன என்று 2019இல் டெதரின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். 2021 பிப்ரவரியில் 1.85 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பண்டக வர்த்தக ஆணையம் 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2016 முதல் 2018 வரை ஆணையம் ஆராய்ந்த 26 மாதங்களில், முழு ஈடு இருந்த நாள்கள் 27.6 விழுக்காடுதான்.

நாலு நாளில் ஒரு நாள் மட்டும் கல்லாவில் முழுப் பணம் இருந்த கடை எப்படிப் பிழைத்தது? கல்லாவுக்கு வந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. டெதரிடம் நேரே காசைக் கொடுத்து டாலர் வாங்க வேண்டுமானால் அடையாளச் சரிபார்ப்பு முடித்த வாடிக்கையாளராக இருக்க வேண்டும், குறைந்தது 1,00,000 டாலருக்கு மாற்ற வேண்டும். சாதாரண ஆள் சந்தையில் இன்னொருவரிடம் விற்கத்தான் முடியும். யிமிங் மா, யாவ் செங், ஆன்டனி லீ ஜாங் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இதை எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதத்தில் யுஎஸ்டிடியைக் கொடுத்து டாலராக மாற்றியவர்கள் 6 பேர். யுஎஸ்டிசியில் 521 பேர். கவுண்ட்டரில் கூட்டம் குறைவாக இருந்தால், சந்தை விலை ஒரு டாலரிலிருந்து விலகும்போது இழுத்துப் பிடிக்க ஆளும் குறைவு. அன்றாட ஆட்டம் அதிகம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் அபாயமும் அதே காரணத்தால் குறைகிறது. மாற்றிக் கொடுப்பதை எளிதாக்க எளிதாக்க, அமைதியான நாளில் நிலைத்தன்மை கூடுகிறது, கலவர நாளில் ஓட்டமும் கூடுகிறது. நாணயமாக நடந்தவனுக்கே முதல் அடி விழுந்த அந்த மார்ச் சனிக்கிழமையை இது ஓரளவு விளக்குகிறது.

டெதருக்கு நியாயமும் செய்ய வேண்டும். 2021 மே மாதம் வெளியிட்ட முதல் கணக்கில் ரொக்கம் 2.9 விழுக்காடு மட்டும் இருந்தது. சுமார் பாதி, நிறுவனங்கள் எழுதிக் கொடுக்கும் குறுகியகாலக் கடன் சீட்டுகள். அவற்றை 2022 அக்டோபருக்குள் முழுக்கக் கழித்துவிட்டு அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களுக்கு மாறினார்கள். 2022 மே மாதப் பீதியில் சந்தையில் யுஎஸ்டிடி 95 சென்ட் வரை இறங்கியபோதும், சில வாரங்களில் ஏறத்தாழ 1,000 கோடி டாலரைக் கேட்டவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ஆனாலும் ஈட்டின் ஒரு பகுதியை பிட்காயினிலும் தங்கத்திலும் வைக்கும் பழக்கம் போகவில்லை. 2025 நவம்பரில் எஸ் அண்ட் பி நிறுவனம் யுஎஸ்டிடியைத் தன் அளவுகோலின் கடைசிப் படிக்கு இறக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த 2022 மே பீதியைக் கிளப்பியது ஈடே வைக்காத ஒரு காசு. டெராயுஎஸ்டி, சுருக்கமாக யுஎஸ்டி. தென்கொரியரான டோ குவானின் டெராஃபார்ம் லேப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இதில் முளையும் கிடையாது, மண்ணும் கிடையாது. கயிற்றின் மறுமுனை இன்னொரு மாட்டின் கழுத்தில் கட்டியிருந்தது. ஒரு யுஎஸ்டியை அழித்தால், ஒரு டாலர் மதிப்புக்கு லூனா என்ற இன்னொரு காசு புதிதாக அச்சாகிக் கைக்கு வரும். யுஎஸ்டி 98 சென்ட்டுக்கு இறங்கினால், அதை வாங்கி அழித்து, ஒரு டாலருக்கு லூனா பெற்று விற்று, 2 சென்ட் லாபம் பார்க்கலாம். லாபத்துக்கு ஆசைப்பட்டு எல்லோரும் வாங்குவதால் விலை ஏறிவிடும் என்பது ஏற்பாடு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆபத்து தானாகத் தெரியும். 2022 மே தொடக்கத்தில் லூனா சுமார் 80 டாலர். ஒரு யுஎஸ்டியை அழித்தால் எண்பதில் ஒரு பங்கு லூனா அச்சாகும். லூனா ஒரு டாலருக்கு விழுந்தால் முழு லூனா ஒன்று. ஒரு சென்ட்டுக்கு விழுந்தால் நூறு லூனா. விலை விழ விழ அச்சு கூடும், அச்சு கூடக் கூட விலை விழும். மே 7ஆம் தேதி பெரிய கைகள் சில விற்கத் தொடங்கின. ஒரே வாரத்துக்குள் சுமார் 35 கோடியாக இருந்த லூனாக்கள் 6.5 லட்சம் கோடி ஆயின. விலை ஒரு சென்ட்டின் சிறு துணுக்கு. இரண்டு காசுகளிலுமாக ஏறத்தாழ 4,000 கோடி டாலர் கரைந்தது. ஆபத்துக்கு உதவும் என்று சேர்த்திருந்த சுமார் 80,000 பிட்காயினில் மிஞ்சியது 313.

இவ்வளவு பேர் ஏன் போட்டார்கள் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஆங்கர் என்ற திட்டத்தில் யுஎஸ்டியைப் போட்டுவைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டி. புழக்கத்திலிருந்த சுமார் 1,800 கோடி யுஎஸ்டியில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது. தொண்ணூறுகளில் ஊர்தோறும் முளைத்த பைனான்ஸ் கம்பெனிகளின் பூட்டிய வாசலில் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நினைவிருக்கும் வாசகருக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது 2021 மே ஒத்திகையைப் பற்றி. அப்போதும் யுஎஸ்டி ஒரு டாலரிலிருந்து நழுவியது. சில நாள்களில் மீண்டது. நிரல் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது என்று நிறுவனம் மார்தட்டியது. உண்மையில் ஜம்ப் டிரேடிங் என்ற வணிக நிறுவனம் பின்கதவு வழியாக வந்து யுஎஸ்டியை வாங்கிக் குவித்துத் தூக்கி நிறுத்தியிருந்தது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைய வழக்கில் வெளியானது. ஆக, ‘அல்காரிதம்’ என்று விற்ற பொருளுக்குள்ளும் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். 2022இல் அந்த ஆள் வரவில்லை. குவான் 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; டிசம்பரில் 15 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

யுஎஸ்டி சரிந்த அதே வாரத்தில்தான் கொழும்பில் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியிலிருந்து விலகினார். இலங்கை மத்திய வங்கி மாதக்கணக்கில் டாலரை 203 ரூபாய்க்கு அருகில் பிடித்துவைத்திருந்து, 2022 மார்ச்சில் கைவிட்டது. மே மாதத்தில் டாலர் சுமார் 360 ரூபாய். செலவழிக்கக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். முளை பிடுங்கிக்கொண்டது இரண்டு இடத்திலும்தான். ஆனால் மறுநாள் காலை யாழ்ப்பாணத்துச் சந்தையில் ரூபாய்க்கு மரக்கறி வாங்க முடிந்தது, மிகக் குறைவாக என்றாலும். சம்பளமும் வரியும் கடனும் ரூபாயில் இருக்கும்வரை கயிறு அறுந்தாலும் மாடு உயிரோடு இருக்கும். தனியார் காசுக்குக் கயிறே உயிர். ஒரு டாலர் என்பதைத் தவிர அதற்கு வேறு எந்தத் தகுதியும் இல்லை.

இது புதுக் கதையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் என்ற தனியார் வங்கி தன் பெயரில் நோட்டு அச்சிட்டுப் புழங்கவிட்டது. நோட்டைக் கொண்டுபோனால் வெள்ளி ரூபாய் தர வேண்டும். அந்த வங்கி கோப்பித் தோட்டங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்திருந்தது; சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த தோட்டங்கள் அவை. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பியைத் துடைத்தெறிந்தது. 1884 மே 3ஆம் தேதி வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஊரெங்கும் அதன் நோட்டு. நேற்றுவரை பணமாக இருந்த தாள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்தார். பதற்றம் தணிந்தது. அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்து நோட்டு அச்சிடும் உரிமையைத் தனியாரிடமிருந்து எடுத்து நாணய ஆணையர்களிடம் அரசு ஒப்படைத்தது. 1950இல் மத்திய வங்கி வரும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

2008 செப்டம்பரில் நியூயார்க்கில் ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பரஸ்பர நிதியிலும் இதுவே நடந்தது. எப்போது கேட்டாலும் ஒரு பங்குக்கு ஒரு டாலர் என்பதுதான் அதுவும் கொடுத்த வாக்கு. 6,000 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்தில் லேமன் பிரதர்ஸ் கடன் சீட்டுகள் 78.5 கோடி டாலருக்குத்தான் இருந்தன. லேமன் விழுந்த மறுநாள் பங்கு 97 சென்ட். அந்த வாரத்துக்குள் இப்படிப்பட்ட நிதிகளுக்கெல்லாம் கருவூலத் துறை உத்தரவாதம் தர வேண்டியதாயிற்று. தனியார் ஒருவர் எப்போதும் மாறாத விலை என்று வாக்குக் கொடுக்கிறார். நல்ல நாளில் அதற்கான வருமானம் அவருக்கு. கெட்ட நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு அரசின் தலையில்.

வருமானம் கொஞ்சநஞ்சமல்ல. நாம் கொடுக்கும் டாலரை அமெரிக்க அரசுப் பத்திரத்தில் போட்டு வட்டியை நிறுவனம் வைத்துக்கொள்கிறது. காசு வைத்திருப்பவருக்கு வட்டி பூஜ்யம். மிகக் குறைந்த ஊழியர்களைக் கொண்ட டெதர் 2024இல் ஈட்டிய லாபம் 1,300 கோடி டாலருக்கு மேல் என்று அறிவித்தது. 2025 இறுதிக்குள் எல்லா ஸ்டேபிள்காயின்களின் மொத்த மதிப்பு 30,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட முழுவதும் டாலர் காசுகளே. தங்கள் அரசுப் பத்திரங்களுக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்த மகிழ்ச்சியை அமெரிக்கா மறைக்கவில்லை. பேசலில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியின் ஆய்வு ஒன்று மறுபக்கத்தைக் காட்டியது. ஸ்டேபிள்காயின்களுக்குப் பணம் வரும்போது மூன்று மாதப் பத்திரங்களின் வட்டி இறங்கும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு, பணம் வெளியேறும்போது ஏறுகிறது. ஓட்டம் வந்தால் அடி கிரிப்டோவோடு நிற்காது.

இந்தியாவில் நிலைமை வேறு. ரிசர்வ் வங்கி இவற்றைப் பணக் கொள்கையின் இறையாண்மைக்கு ஆபத்து என்றே பேசிவருகிறது. 2022 முதல் லாபத்தில் 30 விழுக்காடு வரி, ஒவ்வொரு விற்பனையிலும் 1 விழுக்காடு பிடித்தம். ஒரு யுஎஸ்டிடி வாங்க, வங்கியின் டாலர் விலைக்கு மேல் சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது இங்கே சர்வசாதாரணம். கூடவே, விற்றவர் கணக்கில் வந்து விழுந்தது யாரோ ஏமாந்த பணம் என்று சைபர் கிரைம் போலீசார் வங்கிக் கணக்கை முடக்கும் தொல்லையும் உண்டு. ‘நிலையான’ காசின் விலை ஊருக்கு ஊர் வேறுபடுவதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

சட்டங்கள் வந்துவிட்டன. 2025 ஜூலை 18ஆம் தேதி கையெழுத்தான அமெரிக்காவின் ஜீனியஸ் சட்டம், ஒன்றுக்கு ஒன்று ஈடு வேண்டும் என்கிறது; ரொக்கம், 93 நாளுக்குள் முதிரும் அரசுப் பத்திரம் போன்றவற்றை மட்டும் அனுமதிக்கிறது; மாதந்தோறும் கணக்குக் காட்டச் சொல்கிறது; நிறுவனம் திவாலானால் காசு வைத்திருப்பவருக்கு முன்னுரிமை தருகிறது. 2021இன் டெதரோ, டோ குவானின் யுஎஸ்டியோ இந்தச் சட்டத்தின் கீழ் பிழைத்திருக்க முடியாது. ஆனால் யுஎஸ்டிசியின் மார்ச் சனிக்கிழமை? வங்கியில் போட்டுவைத்த பணமும் ஈடாக ஏற்கப்படுகிறது. ஐரோப்பாவின் மிக்கா சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஈட்டில் குறைந்தது 30 விழுக்காட்டையும், பெரிய காசுகள் என்றால் 60 விழுக்காட்டையும், வங்கிகளில்தான் வைத்தாக வேண்டும் என்கிறது. சர்க்கிளை வீழ்த்தப் பார்த்தது எட்டு விழுக்காடு.

ஸ்டேபிள்காயினுக்கு அரசின் உத்தரவாதம் உண்டு என்று யாரும் விளம்பரம் செய்யக் கூடாது என்பதையும் ஜீனியஸ் சட்டம் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. 1884இல் கோர்டனுக்கும் அந்த நோட்டுகளை ஏற்றுக்கொள்ளும் சட்டக் கடமை எதுவும் இருக்கவில்லை.